மெதுவா நடந்தா போதுமா? இல்ல, மனசுக்கு மட்டும்தான் திருப்தியா?

“தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போறேன். இனிமே மாத்திரை எதுக்கு?”

போன வருஷம் என் அப்பா கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நிற்காமல், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பிரஷர் மாத்திரையை நிறுத்தியும் விட்டார். உடம்பு லேசாக இருந்தது, நல்லா தூக்கமும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைபாதை ஓரத்து மருத்துவ முகாமில் அளந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: 170/100.

அப்படின்னா நடைப்பயிற்சி வெறும் மன ஆறுதல்தானா? இல்லை, பலன் நிஜம். ஆனால் அது எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

லண்டன் பேருந்து ஊழியர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்த முடிவு 1953-ல் வெளியானது. உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ‘ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள்தான் நடத்துநர் வேலைக்கு வந்தார்களோ?’ என்ற சந்தேகம் நியாயமானதே.

அந்த மாதிரி சந்தேகத்துக்கு இடம் தராத ஆய்வு நம்ம சென்னையில் நடந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மருந்து கிடையாது. உணவு ஆலோசனையும், தினமும் 30 நிமிட நடையும் மட்டுமே. 2006-ல் முடிவு வெளியானது. மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் கடைப்பிடித்த குழுவில் 39 பேருக்குத்தான் வந்தது.

காரணம் எளிது. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிபொருளாக்குகின்றன. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தாலும் இது நடக்கும்.

எது நடக்காது?

தொடர்ந்து நடந்தால் இரத்த அழுத்தம் சராசரியாக 5 முதல் 8 புள்ளிகள் குறையலாம். அது நல்ல பலன்தான். ஆனால் 170-ஐ 120 ஆக்காது. அப்பா தவறியது இங்கேதான். உடம்பு லேசாக இருப்பதை வைத்து பிரஷரைக் கணிக்க முடியாது, அளந்தால்தான் தெரியும். மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

எவ்வளவு நடக்கணும்?

• உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரம் குறைந்தது 150 நிமிடங்கள். முடியாதவர்கள் முடிந்த அளவு செய்தாலும் பலன் உண்டு.
• வேகம் சரியா? பேச முடியணும், பாட முடியக் கூடாது. கடைகளை வேடிக்கை பார்த்தபடி நடப்பது இந்தக் கணக்கில் வராது.
• 10,000 அடி கட்டாயமில்லை. அந்த எண், 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடை அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியது.
• வாரம் இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சியும் தேவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம்.
• நடக்கும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி 108-ஐ அழைக்கவும்.

அரசு தரும் சேவைகள்

‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. இதற்காக மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைக்கப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நடத்தப்படும் முகாம்களில் பிரஷர், சர்க்கரையை இலவசமாகப் பரிசோதிக்கலாம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரைகளும், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அப்பா இப்பவும் தினமும் நடக்கிறார். கிளம்புவதற்கு முன்னால் மாத்திரையும் போட்டுக்கொள்கிறார். உங்க வீட்டுப் பெரியவங்களிடமும் இன்றைக்கே ஒரு வார்த்தை கேளுங்கள்: “கடைசியா எப்போ பிரஷர் பார்த்தீங்க?”