சுமை இறங்கிய ஊர் – குரங்கணி

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் மேற்கே போனால், மலையடிவாரத்தில் முந்தல் என்னும் ஊர் வருகிறது. அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்திற்குச் செல்கிறது. மற்றொன்று மலைகளின் மடிக்குள் நுழைந்து, கொட்டகுடி ஆற்றை ஒட்டியுள்ள ஒரு சிற்றூரை அடைகிறது. அதுவே குரங்கணி. தாமிரபரணிக் கரையில் முத்துமாலை அம்மன் கோயிலால் புகழ்பெற்ற குரங்கணி வேறு; நாம் இங்கே கூறுவது தேனி மாவட்டத்துக் குரங்கணி.

பேரரசர்களின் தலைநகரங்களைப் பற்றிப் பாட நூல்களில் படிக்கிறோம். ஒரு மலையடிவாரச் சிற்றூருக்கு அப்படி என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று நாம் எண்ணலாம். ஆனால் இவ்வூரைக் கடந்து சென்ற சுமைகளைக் கணக்கிட்டால், கடல் கடந்த நாடுகளின் கதையும் அதில் கலந்திருப்பது தெரியும்.

ஆறும் மலையும்

குரங்கணிக்கு மேலேயுள்ள மலைகளில் ஊறிவரும் ஓடைகள் ஒன்றுகூடிக் கொட்டகுடி ஆறாகின்றன. மழைக்காலத்தில் இந்த ஆறு பாறைகளில் மோதி முழங்கிக்கொண்டு வரும். கோடையிலோ கற்களுக்கிடையே மெல்லிய நீரோட்டமாகச் சுருங்கிவிடும். போடி மக்கள் குடிக்கும் நீரில் இதற்குப் பெரும் பங்குண்டு. அணைப்பிள்ளையார் தடுப்பணையில் நாம் குளித்து மகிழ்வதும் இந்த ஆற்று நீரில்தான். கீழே வயல்களுக்குப் பாய்ந்து, முடிவில் இது வைகையோடு கலக்கிறது.

அடிவாரத்தில் மாவும் இலவ மரமும் எலுமிச்சையும் வளர்கின்றன. கோடையில் இலவங்காய்கள் வெடித்துப் பஞ்சு காற்றில் பறக்கும். இன்னும் மேலே ஏறினால் காப்பியும் மிளகும், அதற்கும் மேலே குளிர்ந்த நிழற்காடுகளில் ஏலச்செடிகள், உச்சியில் தேயிலை. ஒரே மலை, படிப்படியாக ஒவ்வொரு பயிரை ஏந்தி நிற்கிறது.

முதுகில் சுமந்து வந்தவர்கள்

இம்மலைகளின் பழங்குடியினரில் முதுவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். தங்கள் முன்னோர் மதுரையை விட்டு மலையேறி வந்தவர்கள் என்றும், வரும்போது முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்ற பெயர் ஏற்பட்டது என்றும் அவர்களிடையே ஒரு மரபு உண்டு. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறும் முதுவத் தாய்மாரைக் காண்பவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை உணர்வார்கள்.

கம்பியில் தொங்கிய தேயிலை

1877-ஆம் ஆண்டு பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலைத் தோட்டங்கள் பெருகின. விளைந்த தேயிலையைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வது எப்படி? மேற்கே அடர்ந்த காடு. கிழக்கே செங்குத்தான சரிவு. கிழக்குச் சரிவையே தேர்ந்தெடுத்தார்கள்.

1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. வண்டியின் ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்திலும் மறுபக்கச் சக்கரம் தரையிலும் உருள, மாடுகள் அதை இழுத்துச் சென்றன. 1908-இல் அது இரட்டைத் தண்டவாளமுள்ள சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் மலை விளிம்பில் இருந்த டாப் ஸ்டேஷனை அடைந்ததும், கம்பியில் தொங்கியபடி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கீழே இறங்கிக் கொட்டகுடியிலிருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. போடிக்கு ரயில் வந்ததோ 1928-இல்தான். ஆகவே அதற்கு முன்பு வண்டிகள் இன்னும் நெடுந்தூரம் சென்றே ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு அந்தத் தேயிலை கப்பலேறிச் சீமைக்குச் செல்லும்.

1924 ஜூலையில் பெய்த பெருமழை மூணாற்றுச் சிறு ரயிலை அடியோடு அழித்துவிட்டது. அது மீண்டும் போடப்படவில்லை. மலையின் மேற்குப் பக்கத்தில் சாலைகள் வந்தன. கம்பிப் பாதையும் காலப்போக்கில் மறைந்தது. ஆனால் பெயர்கள் மறையவில்லை. உச்சியிலுள்ள ஊர் இன்றும் டாப் ஸ்டேஷன். குரங்கணியிலிருந்து அங்கே நடந்து ஏறும் வழியில் உள்ள குடியிருப்பு சென்ட்ரல் ஸ்டேஷன். ரயிலும் இல்லை, கம்பியும் இல்லை. பெயரில் மட்டும் ஸ்டேஷன் நிற்கிறது! பெட்டிகளுக்கு வானத்தில் பாதை அமைத்தார்கள். அங்கே வாழ்ந்த மனிதர்களுக்கோ கால்நடைப் பாதைதான் கிடைத்தது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுங்காலக் கோரிக்கை.

ஏலக்காய் எடுக்கும் கைகள்

பாயசத்தில் மணக்கும் ஏலக்காய் மரத்தில் தொங்கும் காயன்று. செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் அது காய்க்கிறது. ஆகவே எடுப்பவர் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது. முற்றியதை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே செடிக்கு வர வேண்டும். மழை, குளிர், அட்டைக்கடி எல்லாவற்றையும் தாங்கி இவ்வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. போடிப் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறி, மாலையில் திரும்பும் தாய்மார்கள் பலர். சுமார் 5 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். அது போடிக்கு வந்து ரகம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலத்தில் விலை போகிறது.

தீ வந்த நாள்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த போதைப்புல் நொடியில் பற்றிக்கொள்ளும். காற்று வீசினால் தீ மனிதரைவிட வேகமாக ஓடும். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம் பெண்கள். நம் அக்காமார் வயதினர்.

விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வருமுன்பே மலையேறி ஓடியவர்கள் உள்ளூர் மக்களும் வனத்துறைப் பணியாளர்களும்தான். பெயர் தெரியாதவர்களைத் துணியிலும் கம்பிலும் டோலி கட்டி, இருட்டில் சரிவு வழியே சுமந்து இறக்கினார்கள். அதன்பின் மலையேற்றத்திற்கு அரசு விதிகளை வகுத்தது. வழிகாட்டியும் அனுமதியும் இன்றிக் காட்டுக்குள் செல்லலாகாது என்பதை நாமும் நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் கற்பது

இவ்வூரில் கோட்டையோ கோபுரமோ தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். முதுகில் பிள்ளை, கம்பியில் தேயிலை, சாக்கில் ஏலக்காய், டோலியில் காயம்பட்டவர் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதோ ஒரு சுமை இந்த மலைச்சரிவில் ஏறவும் இறங்கவும் செய்திருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. சுமை சுமப்போரைத் தம்மிடம் வரும்படி அழைத்தவர் நம் ஆண்டவர். காலையில் தேநீர் அருந்தும்போதும், திருநாளன்று பாயசத்தில் ஏலக்காய் மணக்கும்போதும் அவர்களுக்காக ஒரு கணம் மன்றாடுவோம். நம் வகுப்பில் மலையூரிலிருந்து வந்து படிக்கும் தோழி ஒருத்தி இருந்தால், அவள் ஊர்க் கதையை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வோம். எழுதப்படாத வரலாறு அவள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.