‘படிக்க மட்டும்’ என்று எழுதினால் போதுமா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்தன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு அந்த அறிவிக்கை தந்த 18 மாத அவகாசம் 2027 மே மாதத்தில் முடிகிறது. இந்நிலையில், சிறுசேரி சிப்காட் பூங்காவிலும் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் பணியாற்றும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் பல வடிவில் வருகிறது. சர்வர்களைக் கண்காணிக்கும் தளத்தோடு ஏஐ ஏஜென்ட்டை இணைத்தாயிற்று. பயனர் பட்டியலை எடுத்துத் தரும் டூல் ஒன்றும் அதன் கையில் இருக்கிறது. அந்த டூலின் ஆவணத்தில் ‘படிக்க மட்டும்’ என்று போட்டாயிற்று. அதற்கு மேல் என்ன எழுத வேண்டும் என்கிறார்கள். நிறையவே எழுத வேண்டும். அந்த ஆவணம் இப்போது இயந்திரத்துக்கு இடும் கட்டளையாகவும் மாறிவிட்டது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்டு, இன்று பரவலாகப் புழங்கும் ஏஜென்ட்களை டூல்களோடு இணைக்கும் எம்.சி.பி. நெறிமுறையில் ஒவ்வொரு டூலும் தன் பெயரையும், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்பதையும், சாதாரண மொழியில் ஒரு விளக்கத்தையும் ஏஜென்ட்டிடம் கொடுக்கிறது. எந்த டூலை எப்போது அழைப்பது என்று மாடல் முடிவு செய்வதே அந்த விளக்கத்தைப் படித்துத்தான். பழைய ஏபிஐ ஆவணத்தில் ஒரு வரி பிசகினால் புரோகிராமர் அரை நாள் குழம்புவார். நிரல் தன் பாட்டுக்கு ஓடும். இங்கே வரி மாறினால் நடத்தையே மாறிவிடும். ‘யார் பொறுப்பு என்று தெரியாதபோது இதைப் பயன்படுத்தவும்’ என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் எழுதி வைக்கிறார் என்று கொள்வோம். நள்ளிரவில் ஒரு சர்வரின் டிஸ்க் நிரம்பி அலாரம் அடித்தால், ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிக்க நிறுவனத்தின் முழுப் பட்டியலையும் ஏஜென்ட் அள்ளி வரும். 2025 ஏப்ரலில் ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டிய செயல்விளக்கம் இன்னும் கவலை தருவது. இரண்டு எண்களைக் கூட்டும் எளிய டூல் அது. அதன் விளக்கத்துக்குள், பயனரின் கணினியில் உள்ள ரகசியக் கோப்புகளைப் படித்து அனுப்பும்படி சில வரிகள் ஒளிந்திருந்தன. திரையில் பார்த்தவருக்கு வெறும் கூட்டல்தான் தெரிந்தது. மாடல் எல்லா வரிகளையும் படித்தது, சொன்னபடி செய்தது.

‘படிக்க மட்டும்’ என்ற முத்திரைக்கும் அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறார்கள். எம்.சி.பி.யின் அதிகாரபூர்வ வரையறையே அதை வெறும் ‘குறிப்பு’ என்றுதான் வைத்திருக்கிறது. நம்பகமான சர்வரிலிருந்து வந்தாலொழிய அதை நம்பக் கூடாது என்றும் சொல்கிறது. முத்திரை உண்மையாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. பட்டியலின் ஒரு பதிவைப் பாருங்கள். கிராஃபனா என்ற கண்காணிப்புத் தளத்தில் நிறுவனப் பயனர் பட்டியலைக் கேட்டால் பயனர் எண், லாகின் பெயர், மின்னஞ்சல், வியூவரா எடிட்டரா அட்மினா என்ற பொறுப்பு, கடைசியாக உள்ளே வந்த நேரம் எல்லாம் வரும். ஏஜென்ட் இதைப் ‘படிக்கிறது’ என்றால் இத்தனையும் மாடலின் உரையாடலுக்குள் நகலாகின்றன. அந்த மாடல் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் ஓடினால் நகல் அங்கே போய்விடுகிறது. உரையாடல் வரலாற்றிலும் டிரேஸ் பதிவுகளிலும் தங்கவும் கூடும். சிறுசேரியிலேயே பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கின்றன, தரவு இங்கேயே இருக்கிறது என்று விற்பனையாளர்கள் சொல்லும் உறுதி, மூலப்பிரதிக்குப் பொருந்தலாம், நகலுக்குப் பொருந்தாது.

அலுவலக மின்னஞ்சல் என்ன பெரிய ரகசியமா என்று கேட்பவர்கள் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ரகசியமில்லைதான். ஆனால் யார் அட்மின், அவர்களில் யார் மூன்று மாதமாக லாகின் செய்யவில்லை என்று ஒரே பக்கத்தில் சேர்ந்து கிடந்தால், உள்ளே நுழைய நினைப்பவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரிந்துவிடும். சட்டமே அனுமதிக்கிறதே என்பது இன்னொரு வாதம். வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலேயே தரவைக் கையாள 7-ஆம் பிரிவு இடம் தருவது உண்மை. ஆனால் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யும் 8-ஆம் பிரிவின் கடமை அதனால் போய்விடுவதில்லை. அதில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இந்தச் சட்டத்தில் உறுத்தும் ஓட்டை ஒன்று இருக்கிறது. என் தரவு யாருடன் பகிரப்பட்டது என்று கேட்கும் 11-ஆம் பிரிவு உரிமை, சம்மதம் கொடுத்தவர்களுக்கானது. சம்மதமே கேட்கப்படாத ஊழியருக்கு அந்தக் கேள்வியை எழுப்ப வழியில்லை. ஆகவே அவர் சார்பில் பேசக்கூடிய காகிதம் இந்த டூலின் ஆவணம்தான். அதில் ‘ஐடி, மின்னஞ்சல் முதலியவற்றைத் தரும்’ என்று எழுதினால், அந்த ‘முதலிய’வில் என்ன அடங்கும் என்று அவருக்கும் தெரியாது, தணிக்கைக்கு வருபவருக்கும் தெரியாது.

பட்டியலை மூடிவிட்டால் ஏஜென்ட்டால் என்ன பயன் என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. விடை கிராஃபனாவிலேயே இருக்கிறது. அதே பட்டியலுக்கு ‘லுக்கப்’ என்று ஒரு மெலிந்த வடிவம் உண்டு. டாஷ்போர்டுக்கு அனுமதி கொடுக்கும்போது ஆளைத் தேர்ந்தெடுப்பதற்காக வைத்திருக்கும் அதில் பயனர் எண், லாகின், படம் மட்டுமே வரும். மனிதருக்கு அது போதும் என்று தீர்மானித்த இடத்தில் ஏஜென்ட்டுக்கு அதைவிடக் கூடுதலாக ஏன் கொடுக்க வேண்டும்? ஆவணத்தில் வெளிவரும் புலங்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். எப்போது அழைக்கலாம் என்பதோடு எப்போது அழைக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். நகல் எங்கே போய்ச் சேரும் என்பதையும் சேருங்கள். மாடலின் கண்ணில் படுகிற டூல் விளக்கத்திலேயே இவை இருக்க வேண்டும். ஏஜென்ட் எழுதியதை மதிக்காமல் போகவும் கூடும் என்பதால், அதே வரம்பை அனுமதிகளிலும் பூட்டி வையுங்கள்.

மிச்சமிருக்கும் சில கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில். டோக்கன் யார் பெயரில் இருக்கலாம்? ஏஜென்ட்டுக்கென்று தனி சர்வீஸ் அக்கவுன்ட். அட்மின் ஒருவரின் சொந்த டோக்கன் கூடாது.

விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபரிசீலனை வேண்டுமா? நிரலை மாற்றினால் செய்வது போலவே வேண்டும்.

லாக் எத்தனை நாள்? கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022-ல் இட்ட உத்தரவு 180 நாள் என்றது; தரவுப் பாதுகாப்பு விதிகள் ஓராண்டு கேட்கின்றன.

வேலையை விட்டுப் போனவரும் பட்டியலில் வருவாரா? கணக்கை நீக்கும் வரை வருவார்.