மூச்சுக் குழலை எடுக்கும் வேளை

அவினாசி, பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகளுள் பாஸ்பரஸ் சேர்ந்த வகை உடலிற் புகின், மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும். அப்போது வைத்தியர் வாய்வழியே ஒரு குழலைச் செலுத்தி, இயந்திரத்தால் சுவாசம் கொடுப்பர். மறுநாள் நோயாளி கண் விழித்துவிட்டால், குழலை எடுக்குமாறு உறவினர் மன்றாடுவது இயல்பே. அவசரம் கூடாது.

காரணத்தை 1987-இல் இலங்கை வைத்தியர்களான சேனநாயக்க, கரல்லியத்த இருவரும் எழுதிக் காட்டினர். முதல் மயக்கம் தெளிந்த பின்னும், நஞ்சு புகுந்த 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் தளரலாம். ஆகவே தலையணையினின்று தலையைத் தூக்கி நிறுத்த இயலுகிறதா, இருமிச் சளியை வெளிக்கொணர வலுவுண்டா என்று பார்த்தே குழலை எடுப்பர். குழலைச் சுற்றியுள்ள காற்றுப்பையைத் தளர்த்தி, ஓரமாகக் காற்றுக் கசிகிறதா என்றும் சோதிப்பதுண்டு. கசியாவிடில் உள்ளே வீக்கம் இருக்கலாம்.

எடுத்த பின் குரல் கம்முவது பெரும்பாலும் சில நாளில் தீரும். மூச்சை இழுக்கையில் சீழ்க்கை போன்ற ஒலி எழுவதோ வேறு. உடனே தாதியை அழைக்க வேண்டும். அட்ரினலின் மருந்தை நுண்துளியாக்கி மூச்சில் ஏற்றுவர். வேண்டின் குழலை மறுபடியும் செலுத்துவர். அதைச் சிகிச்சையின் தோல்வியென அங்கத்தினர் கருதலாகாது. விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை ஒரு வாய் நீரும் புகட்டக் கூடாது. (இளநீரோடு பார்க்க வருவது நம் வழக்கம், அது காத்திருக்கட்டும்.)

வீடு திரும்பிச் சில வாரங்களுக்குப் பின் நடக்கையில் மூச்சு இரைந்தால், ஆஸ்துமா என்றிராமல், குழல் வைத்திருந்த செய்தியைச் சொல்லித் தொண்டை வைத்தியரிடம் காட்டுக, மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம்.