பங்குச் சந்தையில் பங்காளி யார்?



அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை வண்டிக்கு நிற்கும்போது கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். ஆளுக்கொரு செல்போன். பாதிப் பேர் ரீல்ஸ் பார்ப்பார்கள். மீதியில் ஒருத்தர் ரெண்டு பேர், பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் ஒரு படத்தை முறைத்துக்கொண்டிருப்பார்கள். "என்னண்ணே அது?" என்றால் "ஆப்ஷன் வாங்கியிருக்கேன் தம்பி, நிஃப்டி" என்று பதில் வரும். லாபமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!

ஏன் கேட்கக் கூடாது? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் 2023-24ல் சம்பாதித்த லாபத்தில் 96 சதவீதம், கம்ப்யூட்டர் புரோகிராம் தானாகப் போட்ட ஆர்டர்களில் இருந்து வந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு இது 97 சதவீதம்.

அதாவது பஸ் ஸ்டாண்டு அண்ணன் மோதுவது இன்னொரு அண்ணனோடு அல்ல. மார்க்கெட் தெரிந்தவரும் மெஷின் தெரிந்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்பெனியோடு. அந்த இரண்டாவது ஆள் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரராகவும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு காலத்தில் கருவி என்றால் தொண்டைதான். 1937ல் அமைந்த மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் புரோக்கர்கள் கூடி நின்று, சத்தம் போட்டு, கையைக் காட்டி விலை பேசினார்கள். 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை, கம்ப்யூட்டர் திரையில் சாட்டிலைட் வழியாகப் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. திரை வந்தபின் கூச்சலுக்கு என்ன வேலை? மெட்ராஸ் எக்ஸ்சேஞ்ச் 2015ல் சந்தைத் தொழிலிலிருந்தே விலகிக்கொண்டது.

இப்போது ஒரு கூட்டணியைப் பார்ப்போம். பெங்களூரில் நிதின் காமத் பதினேழு வயசிலிருந்தே டிரேடிங் செய்தவர். நடுவில் கால் சென்டர் வேலையும் பார்த்தார். 2010ல் தம்பி நிகிலோடு சேர்ந்து ஜெரோதா என்ற புரோக்கர் கம்பெனியை ஆரம்பித்தார். எத்தனை லட்சத்துக்கு வாங்கினாலும் ஒரு ஆர்டருக்கு உச்சபட்சம் 20 ரூபாய் என்பது அவர்கள் திட்டம். ஆனால் சாஃப்ட்வேர்? ஆரம்பத்தில் வெளியாரிடம் வாங்கியதுதான். ஒரு பட்டனை மாற்ற வேண்டுமென்றாலும் வெளியாரிடம் போய் நிற்க வேண்டும். 2013ல் கைலாஷ் நாத் வந்து சேர்ந்தார். அவர் டிரேடர் இல்லை. புரோகிராமர், இணையத்தில் ஓளம் என்ற மலையாள அகராதியை உருவாக்கியவர். அவருடைய சிறிய குழு 2015ல் கைட் என்ற சொந்தக் கருவியை வெளியிட்டது. அப்புறம் வெளி இளைஞர்களும் அதன்மேல் கருவி செய்யட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஆப்ஷனுக்கு சென்சிபுல், புரோகிராம் எழுதத் தெரியாதவர் தம் முறையைச் சோதிக்க ஸ்ட்ரீக் என்றெல்லாம் வந்தன. இவற்றில் ஜெரோதாவே முதலும் போட்டது.

இதில் நான் கவனித்தது ஒன்றுதான். நிதின் இன்னொரு டிரேடரைத் தேடிப் போகவில்லை. தன்னிடம் இல்லாத வேலை தெரிந்த ஆளைப் பிடித்தார். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1981ல் வேலை போன மைக்கேல் புளூம்பெர்க், கூட்டாளிகளோடு பாண்டு விலை காட்டும் கருவி செய்தார். முதல் வாடிக்கையாளரான மெரில் லிஞ்ச் நிறுவனமே பிறகு 30 சதவீதப் பங்கு வாங்கிக் கூட்டாளி ஆனது.

சரி, நல்ல கருவி எது? கலர் கலராக இருபது கோடு போட்டுக் காட்டுவது அல்ல. முதலில் அது செலவைச் சொல்ல வேண்டும். ஆப்ஷன் வாங்க 20, விற்க 20 ஆக 40 ரூபாய். தினம் பத்துத் தடவை செய்தால் 400. மாதம் 20 நாளுக்கு 8,000. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,440. ஆக 9,440 ரூபாய். மற்ற வரிகள் தனி. முதல் ஒரு லட்சம் என்றால் மாதம் ஒன்பதரை சதவீதம் சம்பாதித்தால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம்!

அடுத்து, எத்தனை பங்கு வாங்கலாம் என்று சொல்ல வேண்டும். ஒரு லட்சத்தில் ஒரு சதவீதம், அதாவது 1,000 ரூபாய்தான் ஒரு தடவைக்குப் போகலாம் என்று வையுங்கள். 500 ரூபாய்ப் பங்கை 490ல் விற்றுவிடுவதாக முடிவு செய்தால் பங்குக்கு 10 ரூபாய் நஷ்டம். ஆகவே 100 பங்கு. அவ்வளவுதான் கணக்கு. இந்த 490க்குப் பெயர் ஸ்டாப்லாஸ். எலக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சொன்னால், எம்சிபி மாதிரி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ராத்திரி கெட்ட செய்தி வந்து காலையில் விலை 470ல் திறந்தால் எம்சிபி 490ல் விழாது. 470ஐ ஒட்டித்தான் விழும்.

பழைய விலைகளை வைத்து முறையைச் சோதிப்பதும் வேண்டும். லேத்தில் வேலையைத் தொடாமல் டூலை ஓட்டிப் பார்க்கிறோமே, அது போல. அதிலும் ஏமாறலாம். பழைய விலைக்குத் தகுந்தபடி சட்டையைத் தைத்துவிட்டு நாளைய விலைக்குப் போட்டால் பொருந்தாது.

மெஷின் தப்பு செய்தால் என்ன ஆகும்? 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் புது புரோகிராமை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள். எட்டாவதை மறந்தார்கள். அதில் கிடந்த பழைய புரோகிராம் 45 நிமிஷம் கண்டபடி ஆர்டர் போட்டது. நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல். நிறுத்தும் சுவிட்ச் யார் கையில் என்பதைக் கூட்டாளிகள் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த மாமன் மச்சான் இருவர். ஒருவர் பணம் போட்டார், ஒருவர் போனைத் தட்டினார். பணம் கரைந்ததும் "நீ சொன்னதாலதான் வித்தேன்", "நான் எப்பச் சொன்னேன்?" என்று ஆரம்பித்தது. இப்போது ஒரு கல்யாணத்துக்கு ஒருவர் வந்தால் மற்றவர் வருவதில்லை. நம்ம ஊரில் பங்காளி என்றாலே வரப்புத் தகராறுதானே ஞாபகம் வரும்!

1932ஆம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. கம்பெனிக் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுப்பொறுப்பு. பதிவு செய்யாத கூட்டு, பாக்கி வராதபோது கோர்ட்டில் வழக்குப் போடுவதும் கஷ்டம். பக்கத்துச் செட்டிநாட்டார் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்தபோது பணம் போட்ட முதலாளி ஊரில் இருந்தார். கடையை மேலாள் நடத்தினார். கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மேலாள் மூன்று வருஷத் தவணைக்குப் போய், கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் ஓய்வார். நாம் பெட்டியடிப் பையனாக ஆரம்பித்தாலும் தப்பில்லை.

இன்னொன்று. "நாலு பேர் பணத்தை வாங்கி நான் டிரேட் பண்ணித் தரேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். செபி பதிவு இல்லாமல் அது குற்றம். 2025 பிப்ரவரி சுற்றறிக்கையின்படி, தானாக ஆர்டர் போடும் புரோகிராமைப் பிறருக்குத் தருபவர் எக்ஸ்சேஞ்சில் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டும். ஆர்டரும் புரோக்கர் வழியாகத்தான் போக வேண்டும்.

நானும் வகுப்பு நண்பன் ஒருவனும் மேலே சொன்ன கணக்குகளை ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டு, நிஜப் பணம் இல்லாமல் காகிதத்தில் மட்டும் வியாபாரம் செய்து பார்க்கிறோம். அவனுக்கு மார்க்கெட், எனக்கு ஷீட். கமிஷன் கழிக்காமல் பார்த்தால் லாபம். கழித்துப் பார்த்தால் நஷ்டம். தப்பு எங்கே என்று இன்னும் தேடுகிறோம். ஷீட் வேண்டுபவர்கள் பென்டிரைவோடு வரலாம். தப்பைக் கண்டுபிடிப்பவரை மூன்றாவது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள நாங்கள் தயார்.