கல்லூரிக்குள் நுழையும் கம்ப்யூட்டர் கிருமி!

மரக்காணம் கடற்கரையில் பாத்தி பாத்தியாக உப்பு விளைகிறது. பாத்திக்குப் பாத்தி வரப்பு உண்டு.

ஒருவர் தம் வரப்பைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அவர் பாத்தி மட்டுமா கெடும்? பக்கத்துப் பாத்திக்கும் தண்ணீர் பாயும்!

கல்லூரிக் கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். எல்லாம் ஒரே வலையில் கட்டப்பட்டவை. ஒன்றில் வைரஸ் புகுந்தால் மற்றவற்றுக்கும் ஆபத்து.

இந்தக் கரையில் உள்ள மீனவர் ஊர்களில் ஒன்று எக்கியார்குப்பம். அங்கிருந்து தினமும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள்.

அவனுக்குக் கடைசி ஆண்டு. 80 பக்கம் புராஜெக்ட் எழுதி முடித்து விட்டான். நாளைக்குக் கொடுக்க வேண்டும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறான். சில பக்கங்களைப் பிரிண்ட் எடுக்கிறான். பிறகு அதே பென் டிரைவைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் செருகுகிறான்.

வந்தது வினை!

எல்லா போல்டர்களின் ஓரத்திலும் சின்ன அம்புக்குறி! அவன் ஒன்றைத் திறக்கிறான். போல்டரும் திறக்கிறது; கூடவே வைரசும் ஓடத் தொடங்குகிறது. அது போல்டர் அல்ல, போல்டர் வேஷம் போட்ட வைரஸ்! உண்மையான போல்டரை அது ஒளித்து வைத்து விட்டது.

அடுத்து அதே கம்ப்யூட்டரில் யார் பென் டிரைவைச் செருகினாலும் அவருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் அம்மா கேட்கிறாள்: "ஏண்டா தம்பி, காய்ச்சல் மாதிரி மிஷினுக்கும் ஒட்டுமா?"

"ஒட்டும்மா. ஆனா இது ஒரு மனுஷன் எழுதி அனுப்பினது."

ஆம். வைரஸ் என்பது புழு பூச்சி அல்ல. தன்னைத் தானே படி எடுத்துக் கொள்ளும்படி ஒருவர் எழுதிய கட்டளைகள்தான் அது. 1983-ம் ஆண்டு அமெரிக்காவில் பிரெட் கோஹன் என்ற மாணவர் இதை வகுப்பறையில் செய்து காட்டினார். "வைரஸ்" என்று பெயர் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லென் ஏடில்மேன்.

மாணவர் விட்ட புழு

கல்லூரி வலைக்கு வந்த முதல் பெரிய ஆபத்தும் ஒரு மாணவரால்தான் வந்தது.

அவர் பெயர் ராபர்ட் மாரிஸ். வயது 22. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தார். அவருடைய தந்தை யார் தெரியுமா? அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்!

1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, மகன் ஒரு நிரலை வலையில் விட்டார். எதையும் அழிப்பது அவர் நோக்கம் அல்ல. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அது சத்தமின்றிப் பரவ வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கணக்குத் தப்பி விட்டது. "நான் இங்கே ஏற்கெனவே இருக்கிறேன்" என்று பதில் வந்தாலும், ஏழு முறைக்கு ஒரு முறை மறுபடியும் நுழையும்படி எழுதி விட்டார். ஒரே கம்ப்யூட்டரில் அது மீண்டும் மீண்டும் நுழைந்தது. கம்ப்யூட்டர்கள் மூச்சுத் திணறின!

அன்று இன்டர்நெட்டில் இருந்தவை சுமார் 60 ஆயிரம் கம்ப்யூட்டர்கள். அவற்றில் 6 ஆயிரம் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். தடுக்கும் வழியை ஒரு நண்பர் மூலம் மாரிஸ் சொல்லி அனுப்பினார். வலையே முடங்கிக் கிடந்ததால் அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

1990-ல் கோர்ட்டு அவருக்கு 10,050 டாலர் அபராதமும் 400 மணி நேர சமூக சேவையும் விதித்தது. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பிலும் வைத்தது. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரில் இருந்து அவர் அந்தப் புழுவை விட்டாரோ, அதே எம்.ஐ.டி.யில் பின்னாளில் அவர் பேராசிரியர் ஆனார்!

பட்டம் வாங்கும் நேரத்தில்...

2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி வந்த "வான்னாகிரை" இன்னும் பொல்லாதது. யாரும் எதையும் திறக்க வேண்டாம். வலை வழியாகத் தானே வரும். கோப்புகளைப் பூட்டி விட்டு, "300 டாலர் கொடு" என்று கேட்கும்.

சீனாவில் பல பல்கலைக்கழகங்கள் இதில் சிக்கின. பட்டம் வாங்க இருந்த மாணவர்களின் ஆய்வேடுகள் பூட்டிக் கிடந்தன!

இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-ந் தேதியே இலவசமாக வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தது. "அப்டேட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளி விடுகிறோம் அல்லவா? அந்தப் "பிறகு"தான் வழி திறந்து விட்டது.

மாணவர்களை மட்டும் குறை கூறுவது நியாயம் அல்ல. லேபில் உள்ள 40 கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து, அதைச் சுவரில் ஒட்டி வைத்தால் அது யார் குற்றம்?

2003-ல் "பிளாஸ்டர்" என்ற புழு பரவியபோது அமெரிக்கக் கல்லூரிகள் பல கண்டிப்புக் காட்டின. விடுமுறை முடிந்து விடுதிக்கு வந்த மாணவர்களின் கம்ப்யூட்டரைச் சோதித்து, சுத்தம் செய்த பிறகே வலையில் சேர்த்தன. நம் கல்லூரிகளும் இதைச் செய்யலாம். நோய் கண்ட கம்ப்யூட்டரை உடனே வலையில் இருந்து கழற்றுவதுதான் முதல் சிகிச்சை.

பார்மெட் வேண்டாம்!

நம் மாணவன் என்ன ஆனான்?

"பென் டிரைவைப் பார்மெட் செய்துவிடு" என்று நண்பன் சொல்கிறான். செய்திருந்தால் 80 பக்கமும் போயிருக்கும்! நல்ல வேளை, அவன் ஆசிரியரிடம் ஓடுகிறான். அவர் முதலில் ஆன்டி வைரஸ் போட்டுச் சுத்தம் செய்கிறார். பிறகு ஒளிந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றுகிறார். புராஜெக்ட் அப்படியே இருக்கிறது!

பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவே தேவை இல்லை. கடைக்காரருக்கு இ-மெயிலில் பி.டி.எப். ஆக அனுப்பினால் போதும். பென் டிரைவ்தான் கொண்டு போக வேண்டும் என்றால், அதில் பிரிண்ட் எடுக்க வேண்டியதைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

காசு கொடுக்காமல் "கிராக்" செய்த விளையாட்டையும் சாப்ட்வேரையும் இறக்குவது, கிருமியைக் கூப்பிட்டு விருந்து வைப்பதற்குச் சமம். இந்திய அரசின் "சைபர் ஸ்வச்தா கேந்திரா" 2017 முதல் இயங்கி வருகிறது. கிருமி நீக்கும் கருவிகளை அது இலவசமாகவே தருகிறது.

மழை வருவதற்குள் உப்பை மேட்டில் குவித்துக் கீற்றுப் போட்டு மூடுகிறார்களே, அதுபோல புராஜெக்டுக்கும் இன்னொரு படி வேறு இடத்தில் இருக்க வேண்டும். அந்த டிரைவை எப்போதும் செருகியே வைக்கக் கூடாது. செருகி இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டி விடும் வைரஸ்!

அக்காளின் லேப்டாப்

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கத் தொடங்கியது. அக்காள் வாங்கியதில் இன்று தம்பி படிக்கும் வீடுகள் உண்டு.

தொடக்கத்தில் கொடுத்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7. மற்றொன்று மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய "பாஸ்" லினக்ஸ்.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ந் தேதியோடு நின்று விட்டது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இப்படிப்பட்ட லேப்டாப்பைக் கல்லூரி வைபையில் இணைப்பது வரப்பை நாமே வெட்டி விடுவது போன்றது.

தூக்கிப் போட வேண்டியது இல்லை. புதிய லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோசுக்கு எழுதப்பட்ட வைரஸ்கள் பெரும்பாலும் அதில் ஓடாது. லினக்சுக்கும் கிருமிகள் உண்டு. அப்டேட் அதற்கும் வேண்டும். விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் போட்டுத் தந்து விடுவார். அதற்கு முன்னால், அக்காள் அதில் சேர்த்து வைத்த போட்டோக்களை மட்டும் வேறு இடத்தில் படி எடுத்து விடுங்கள்.