மாடவீதிக் கீரைக்கட்டு

மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தெற்கு மாடவீதியில், விடிந்தும் விடியாத நேரத்தில் கோணிச் சாக்கை விரித்துக் கீரைக்கட்டுகளை அடுக்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் ஒருவர் என் பாட்டி. விடுமுறை நாட்களில் அவருக்குத் துணையாக நானும் அமர்வதுண்டு. பொருளியல் வகுப்பில் 'சந்தை' என்னும் பாடம் தொடங்குமுன்பே அந்தச் சாக்கின்மீது அதைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். அருகில் விளைந்த நல்ல காய்கறி, கட்டுபடியாகும் விலையில், நகரத்து எளியவர்க்குக் கிடைக்க வழி என்ன? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரி போனது, வயல் விலகியது

இன்று தியாகராய நகர் நிற்கும் நிலப்பரப்பில் ஒரு நூற்றாண்டுக்கு முன் நீண்டதோர் ஏரி கிடந்தது. 1920-களில் அதைத் தூர்த்தே நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்னும் தெருப்பெயர் மட்டும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

நகரம் வளர வளர, விளையும் நிலம் விலகிப் போயிற்று. பெரிய வெங்காயம் மகாராட்டிரத்திலிருந்தும், தக்காளி ஆந்திர, கருநாடக மாநிலங்களிலிருந்தும், காரட் நீலகிரியிலிருந்தும் நம் சமையலறைக்கு வந்து சேருகின்றன. முன்பு கொத்தவால் சாவடியில் நடந்த மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது. நகரம் முழுவதற்கும் அதுவே தலைவாசல் ஆனது. ஒரே வாசலை நம்பியிருப்பதன் ஆபத்தை 2020 மே மாதம் உணர்ந்தோம். கொரோனாத் தொற்றால் அச்சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. மாடவீதிச் சாக்குகளும் பல நாள் சுருட்டியே கிடந்தன.

உழவர் சந்தை காட்டிய வழி

உழவரையும் உண்பவரையும் நேருக்கு நேர் நிறுத்தும் முயற்சி தமிழகத்திற்குப் புதியதன்று. 1999 நவம்பர் 14-ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தார். பஞ்சாபின் 'அப்னி மண்டி'யும் ஆந்திரத்தின் 'ரைத்து பஜா'ரும் அதற்கு முன்னோடிகள்.

அதன் இயக்கம் எளியது. உழவருக்குப் புகைப்பட அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை. விலையை நாள்தோறும் காலையில் முடிவு செய்து பலகையில் எழுதுவார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு என்பதே அளவுகோல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்த விலை 20 ரூபாய், கடை விலை 28 ரூபாய் என்றால், சந்தை விலை 24 ரூபாய். உழவருக்கு நான்கு ரூபாய் இலாபம், வாங்குபவருக்கும் நான்கு ரூபாய் இலாபம்!

ஆனால் உழவர் வந்துபோகும் தொலைவில் வயல் இருந்தால்தானே இது நடக்கும்? ஆகவே சென்னைப் பக்கம் இச்சந்தைகள் பல்லாவரம் போன்ற புறநகர்களிலேயே இடம் பிடித்தன. 2013-இல் கூட்டுறவுத் துறை நகருக்குள் பண்ணைப் பசுமைக் கடைகளைத் திறந்து இக்குறையை ஓரளவு போக்க முயன்றது.

கீரை என்னும் விதிவிலக்கு

தொலைவை வென்ற பயிர் ஒன்று உண்டு. அதுதான் கீரை. அதனால் நெடுந்தூரம் பயணம் செய்ய முடியாது. ஒரே நாளில் வாடிவிடும். எனவே நகரைச் சுற்றிய சிற்றூர்களில் விளைந்து, அன்றே வந்து, அன்றே விற்றுத் தீர்கிறது. முளைக்கீரை விதைத்து நான்கு வாரத்திற்குள் பறிப்புக்கு வரும். அரைக்கீரையோ அறுக்க அறுக்கத் தழைக்கும். குறைந்த நிலமும் குறைந்த முதலும் உள்ள உழவருக்கு ஏற்ற பயிர் இது.

உண்பவருக்கும் அப்படியே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. கீரையில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உண்டு. எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அந்த இரும்பு உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் குடித்தால் தடைப்படும். கழிவுநீரில் விளைந்த கீரை தீங்கு தரும் என்பதையும் மறத்தலாகாது. எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குவதும், பலமுறை கழுவுவதும் நம் கடமை.

சாக்கு விரிக்க ஓரிடம்

ஒருமுறை நடைபாதையைச் சீர்செய்வதாகச் சொல்லிப் பாட்டியை எழுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் வீட்டில் இருந்தார். திரும்பி வந்த அன்று, பக்கத்துச் சந்தில் வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மாள், "எங்கே போயிட்டீங்க ஆயா? நீங்க இல்லாம வீட்ல கீரையே ஆக்கலை" என்றார். பெரிய கடையில் கீரை இல்லாமலில்லை. ஆனால் வேலை முடிந்து போகிற வழியில், பத்து ரூபாய்க்கு, நாளை தருகிறேன் என்று சொல்லியும் வாங்க இயலுவது பாட்டியிடம் மட்டுமே.

அன்றுதான் எனக்கு விளங்கியது. நகரில் வயலை மீண்டும் உண்டாக்க இயலாது. ஆனால் வயலிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசி நூறு அடியைக் காக்க இயலும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடமும் சான்றும் தர வழி வகுத்துள்ளது. அந்த இடம் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இல்லாமல் மக்கள் நடக்கும் வழியிலேயே அமைய வேண்டும்.

நண்பர்களே! நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் விடுதிச் சமையலறை வாரம் இருநாள் கீரையை நேரடியாக உழவரிடமோ தெருவோரப் பெண்களிடமோ வாங்கலாம். கல்லூரி வளாகத்தில் நான்கு முருங்கைக் கன்றுகளை நடலாம். எதுவும் முடியாதவர், அடையாற்றிலோ மாம்பலத்திலோ கீரைக்காரியிடம் ஒரு கட்டு வாங்கும்போது பேரம் பேசாமல் வாங்கலாம். நண்பகலுக்குள் விற்காத கட்டு மாட்டுக்குத்தான் போகும் என்பதை அறிந்தவன் கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள் இது.