சலுகைக்கு நிபந்தனை உண்டா?



ஒரு தொழிற்சாலை ஏன் ஓர் ஊரைத் தேடி வருகிறது? 'அரசு வரியை விட்டுக்கொடுத்தது, கம்பெனி வந்தது' என்று கேட்டுப் பழகிவிட்டோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து மக்களாகிய நாம் இந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை அரசே அமைத்தது. மனை, மின்சாரம், சாலை, பக்கத்தில் ரயில், எட்டும் தூரத்தில் துறைமுகம். சிறு தொழில்கள் இவற்றை நம்பித்தான் வந்தன. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அது அரசு ஆலை என்பதால் இட ஒதுக்கீடு இருந்தது. சேரியிலிருந்து போனவர்களுக்கும் நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் கிடைத்தன.

பூந்தமல்லியைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே ஆலை அமைக்க நோக்கியா 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. சிப்காட் நிலம் கொடுத்தது. விற்பனை வரியைத் திருப்பித் தர மாநில அரசு ஒப்புக்கொண்டது. சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டமோ ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டுகள் முழு வருமான வரி விலக்கும், அடுத்த 5 ஆண்டுகள் பாதி விலக்கும் தந்தது. 2006இல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பிறகு வரித் தகராறு முற்றியது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது.

துறைமுகமும் சாலையும் படித்த பிள்ளைகளும் சென்னையைச் சுற்றி ஏற்கெனவே இருந்தன. இவை இல்லாத இடத்துக்கு வரிச் சலுகை மட்டும் ஆலையைக் கொண்டுவராது. இவை எல்லாம் சமமாக உள்ள இரண்டு மாநிலங்களுக்கு இடையில்தான் சலுகை தராசைச் சாய்க்கும். 2019இல் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வரியை 15 சதவீதமாகக் குறைத்தது. 2024 மார்ச் வரை உற்பத்தி தொடங்கிய நிறுவனங்களுக்கு அது நாடு முழுக்க ஒரே விகிதமாக இருந்தது. எந்த ஊருக்கும் தனி ஈர்ப்பு கிடைக்கவில்லை. எனவே மாநிலங்கள் மேலும் மேலும் அள்ளிக் கொடுக்கப் போட்டி போடுகின்றன.

விட்டுக்கொடுத்த வரி பொதுப் பணம். ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் பள்ளிக்கும் போகக்கூடிய பணம். அதைப் பெறும் தனியார் ஆலையில் நமக்கு இட ஒதுக்கீடு இல்லை.

'நிபந்தனை போட்டால் முதலீடு ஓடிவிடும்' என்பார்கள். நிபந்தனை போடாத முதலீடும் ஓடியதைத்தானே பார்த்தோம்? நிபந்தனை போடுவது அரசுக்குப் புதிதும் அல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த பஞ்சமி நிலம், பிறருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வழங்கப்பட்டது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: சலுகை பெறும் ஒவ்வோர் ஆலையும் எத்தனை தலித்துகளுக்கு நிரந்தர வேலை தந்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தராத ஆலைக்குச் சலுகை நிற்க வேண்டும்.